சீட்டு கையில் இருக்கட்டும்: செட்டிநாட்டில் முதன்முறை புகார் கொடுப்பவர்களுக்கு

எங்கள் தெருவில் ஒரு ஆச்சி இருக்கிறார். அவர் வீட்டு மேல்மாடியில் இரண்டு தகரப்பெட்டி நிறைய, அவருடைய ஐயா பர்மாவில் கடை வைத்திருந்த காலத்துப் பேரேடுகள். தேதி போட்டு, ஓரணா வரவானாலும் எழுதி, வருஷக் கடைசியில் ஐந்தொகை எடுத்து முடித்த நோட்டுகள். அதே ஆச்சி சில வருஷங்களுக்கு முன்னால், நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய் வட்டி என்று சொன்ன ஒரு நிதி நிறுவனத்தில் நாலு லட்சம் போட்டார். பத்து மாதம் வட்டி வந்தது, அப்புறம் நின்றது, அப்புறம் ஆபீஸே பூட்டிக் கிடந்தது.

"என்ன ஆச்சி எழுதிக் குடுத்தாங்க?" என்று கேட்டேன்.

"ஒரு வெள்ளைத்தாள்ல கையெழுத்துப் போட்டுக் குடுத்தாக தம்பி. அதை எங்க வச்சேன்னு தெரியலை."

இந்த வழிகாட்டியை எழுத உட்கார்ந்ததே அந்தப் பதிலால்தான். கடையை, வங்கியை, ஆலையை, பஞ்சாயத்தை, அரசு அலுவலகத்தைக் கண்காணிக்க நம் நாட்டில் அமைப்புகள் நிறையவே இருக்கின்றன. ஆனால் நீங்கள் ஏமாந்தது அவற்றுக்குத் தானாகத் தெரியாது. தேதியும் தொகையும் உள்ள ஒரு தாள் கையில் வந்தால்தான் அவை அசையும். சில வருஷங்களாகத் தெரிந்தவர்களுக்கு மனு எழுதிக் கொடுத்து வருகிறேன். அதில் கற்றுக்கொண்டதைப் புதிதாக ஆரம்பிப்பவர்களுக்காக வரிசையாகச் சொல்கிறேன்.

முதல் படி: உங்களுக்கு என்ன வேண்டும் என்று முடிவு செய்யுங்கள்

பலருக்கும் தெரிந்த ஒரே அலுவலகம் கலெக்டர் ஆபீஸ். திங்கட்கிழமை குறைதீர் நாளில் சிவகங்கைக்கு பஸ் ஏறி, வரிசையில் நின்று, மனுவைக் கொடுத்துவிட்டு வருவார்கள். தவறில்லை, ஆனால் அந்த மனு அங்கிருந்து உரிய துறைக்குத்தான் அனுப்பப்படும். துறையை நாமே தெரிந்து நேராகப் போனால் நாட்களும் மிச்சம், மனு எங்கே நிற்கிறது என்பதும் நமக்குத் தெரியும்.

துறையைத் தேடுவதற்கு முன் ஒரு கேள்வி: எனக்குப் பணம் திரும்ப வேண்டுமா, அந்த ஆள் செய்வது நிற்க வேண்டுமா, உண்மை வெளியே வர வேண்டுமா, இல்லை தண்டனை வேண்டுமா? நாலுக்கும் நாலு வாசல். இதைக் குழப்பிக்கொள்வதால்தான் பாதி மனுக்கள் வீணாகின்றன.

உரிமம் கொடுப்பது, சோதனை போடுவது, அபராதம் விதிப்பது என்று இருக்கும் அமைப்புகள் ஒரு வகை. உணவுப் பாதுகாப்புத் துறை, எடையளவைப் பார்க்கும் தொழிலாளர் துறை, மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், வங்கிகளுக்கு மேலே ரிசர்வ் வங்கி, பங்குச் சந்தைக்கு மேலே செபி எல்லாம் இதில் வரும். இவர்கள் கடைக்கு அபராதம் போட்டாலும் அந்தப் பணம் அரசுக்குத்தான் போகும், உங்கள் நஷ்டம் அப்படியே இருக்கும். பணம் திரும்ப வேண்டுமென்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம், வங்கி விஷயமானால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளர், காப்பீடானால் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர். கணக்கைப் பார்த்து அறிக்கை எழுதுபவர்கள் மூன்றாவது வகை: சிஏஜி என்கிற தலைமைக் கணக்குத் தணிக்கையாளர், உள்ளாட்சி நிதித் தணிக்கைத் துறை, சமூகத் தணிக்கைக் குழுக்கள். இவர்கள் யாரையும் கைது செய்ய மாட்டார்கள், ஆனால் இவர்கள் எழுதிய ஒரு பத்தி உங்கள் மனுவுக்கு நல்ல ஆதாரம். குற்ற வழக்காகவே எடுப்பவர்கள் நாலாவது: லஞ்ச ஒழிப்புத் துறை, பொருளாதாரக் குற்றப்பிரிவு.

ஒரே விஷயத்துக்கு இரண்டு வாசலில் போகலாம். எடை குறைத்த கடை மேல் தொழிலாளர் துறைக்கும் எழுதலாம், நஷ்ட ஈட்டுக்கு நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். தனித்தனி மனுவாக, அந்தந்த இடத்தில் கிடைக்கக்கூடியதை மட்டும் கேளுங்கள்.

இரண்டாம் படி: ஒரு நோட்டுப் போடுங்கள்

நாற்பது பக்க நோட்டு போதும். என்று போனேன், யாரைப் பார்த்தேன், என்ன சொன்னார்கள், என்ன தாள் கொடுத்தார்கள் என்று அன்றன்றைக்கு எழுதிவிடுங்கள். இதை நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதே இல்லை; சிட்டையும் பேரேடும் ஐந்தொகையுமாகக் கடல் தாண்டிக் கணக்கு வைத்த ஊர் இது. ரசீது இப்போதெல்லாம் வெப்பத்தில் அச்சாகும் தாளில் வருகிறது, ஆறு மாதத்தில் எழுத்து மங்கிவிடும், ஆகவே வாங்கிய அன்றே போட்டோ எடுத்து ஒரு ஜெராக்ஸும் போட்டு வையுங்கள். பணம் கொடுப்பது வங்கி வழியாகவோ யூபிஐ வழியாகவோ இருந்தால் அந்தப் பதிவே ஒரு சாட்சி. பில் கேட்கக் கூச்சப்படாதீர்கள். தெரிந்த கடை, சொந்தக்காரர் கடை என்று பார்த்துப் பில் வாங்காமல் வந்தவர்கள்தான் அப்புறம் கை பிசைந்து நிற்கிறார்கள்.

மூன்றாம் படி: பொருளைப் பார்க்கக் கற்றுக்கொள்ளுங்கள்

தராசிலிருந்து ஆரம்பிக்கலாம். கடைத் தராசுக்கு முத்திரை வைப்பதும் சோதிப்பதும் தமிழ்நாட்டில் தொழிலாளர் துறை. எடையளவுக்கும் தொழிலாளர் துறைக்கும் என்ன சம்பந்தம் என்று நினைத்து, எங்கே புகார் கொடுப்பது என்றே தெரியாமல் விட்டுவிடுகிறவர்கள் நிறைய. 2009-ம் ஆண்டின் எடையளவுச் சட்டப்படி எலெக்ட்ரானிக் தராசுக்கு வருஷத்துக்கு ஒருமுறை மறுமுத்திரை வைக்க வேண்டும். எடைக்கற்களுக்கு இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை. முத்திரைச் சான்றிதழ் கடையில் பார்வைக்கு இருக்க வேண்டும். சந்தையில் காய் வாங்கும்போது தட்டு காலியாக இருக்கையில் பூஜ்யம் காட்டுகிறதா என்று பாருங்கள், இனிப்புக் கடையில் அட்டைப்பெட்டியையும் சேர்த்து நிறுத்தால் பெட்டி எடையைக் கழிக்கச் சொல்லுங்கள். கல்யாணச் சீருக்கு அதிரசமும் மணகோலமும் தேன்குழலும் கிலோக் கணக்கில் வாங்குகிற ஊரில் ஒரு பெட்டிக்கு ஐம்பது கிராம் என்றாலும் மொத்தத்தில் பெரிய தொகை வரும். பாக்கெட் பொருளில் தயாரித்தவர் பெயர், முகவரி, நிகர எடை, மாதமும் வருஷமும், எல்லா வரியும் சேர்ந்த அதிகபட்ச விலை, புகாருக்கான தொடர்பு ஆகியவை அச்சிடப்பட்டிருக்க வேண்டும். பெட்ரோல் பங்கில் அளவு சந்தேகமானால் அங்கேயே இருக்க வேண்டிய ஐந்து லிட்டர் முத்திரை அளவையில் பிடித்துக் காட்டச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு.

தங்கம் நமக்குப் பெரிய விஷயம். கழுத்துருவானாலும் ஒரு ஜோடித் தோடானாலும், ஹால்மார்க் என்று எழுதியிருக்கிறது என்பதோடு நிற்காதீர்கள். 2023 ஏப்ரல் 1 முதல் ஒவ்வொரு நகைக்கும் தனியாகக் கொடுக்கும் ஆறு இலக்க ஹெச்யூஐடி எண் இல்லாமல் ஹால்மார்க் நகையை விற்கக் கூடாது. நகையில் மூன்று குறி இருக்க வேண்டும்: இந்திய தர நிர்ணய அமைப்பான பிஐஎஸ்ஸின் முக்கோணக் குறி, 22கே916 போல் தூய்மைக் குறி, எழுத்தும் எண்ணும் கலந்த அந்த ஆறு இலக்கம். பிஐஎஸ் கேர் என்ற செயலியில் அந்த எண்ணைப் போட்டால் எந்த வகை நகை, என்ன தூய்மை, எந்த மையத்தில் சோதித்தது என்று வரும்; தோட்டின் எண்ணைப் போட்டால் மோதிரம் என்று வந்தால் வாங்காதீர்கள். இரண்டு கிராமுக்குக் குறைந்த நகைக்கு இந்தக் கட்டாயம் இல்லை. ஹால்மார்க் போட்ட நகையில் தூய்மை குறைந்தது நிரூபணமானால், குறைந்த தங்கத்தின் மதிப்பைப் போல் இரண்டு மடங்கும் சோதனைக் கட்டணமும் தர வேண்டும் என்று 2018-ம் ஆண்டின் பிஐஎஸ் விதிகள் சொல்கின்றன. இதைக் கடையில் அமைதியாக எடுத்துச் சொன்னாலே பல பேச்சுகள் முடிந்துவிடும். பில்லில் நிகர எடை, தூய்மை, ஹால்மார்க் கட்டணம் எல்லாம் தனித்தனியாக வரட்டும்.

சாப்பாட்டுக் கடை, பலகாரக் கடை என்றால் உணவுப் பாதுகாப்பு உரிமத்துக்கான பதினாலு இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ எண் இருக்கிறதா என்று பாருங்கள். வீட்டில் முறுக்கு சுட்டு விற்பவர்களும் பதிவு செய்ய வேண்டும், அது கஷ்டமான வேலையும் இல்லை. புகாரை 94440 42322 என்ற வாட்ஸ்அப் எண்ணில் படத்தோடு அனுப்பலாம். உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் பலருக்குத் தெரியாத 40-வது பிரிவு ஒன்று உண்டு: வாங்கியவரே கட்டணம் கட்டி உணவுப் பகுப்பாய்வாளரிடம் சோதனைக்குக் கொடுக்கலாம், தரக்குறைவு உறுதியானால் கட்டணம் திரும்பக் கிடைக்கும். சோதனை ஒன்று எவ்வளவு தூரம் போகும் என்பதற்குப் பஞ்சுமிட்டாய் நல்ல உதாரணம். 2024 பிப்ரவரியில் மாதிரிகளில் துணிச்சாயமான ரோடமின் பி இருப்பது ஆய்வகத்தில் தெரிந்ததும் மாநிலம் முழுக்க விற்பனைக்கே தடை வந்தது. மாதிரி எடுத்து அனுப்பிய ஒரு அலுவலரின் கையெழுத்தில் ஆரம்பித்த வேலை அது.

நாலாம் படி: பணம் போடும் முன்

இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் எங்கள் பக்கத்தில் அதிகம் பேர் அடிபடுவது இதில்தான்.

நிறுவனம் மூழ்குவது புதிதில்லை. 1906 அக்டோபரில் சென்னையில் ஆர்பத்நாட் என்ற பெரிய வெள்ளைக்காரக் கம்பெனி கைவிரித்தது, ஊர் ஊராக ஆட்கள் சேமிப்பை இழந்தார்கள். அந்த அடியிலிருந்து பிறந்ததுதான் மறுவருஷம் 1907-ல் தொடங்கிய இந்தியன் வங்கி, அதன் பின்னால் நகரத்தார் பணமும் இருந்தது. 1960-ல் கேரளத்தில் பாலை சென்ட்ரல் வங்கி விழுந்த பிறகுதான் டெபாசிட்டுக்குக் காப்பீடு வேண்டும் என்ற எண்ணம் வலுத்து, 1962 ஜனவரி 1 முதல் ஒரு ஆளுக்கு 1,500 ரூபாய் வரை காப்பீடு வந்தது. 2020 பிப்ரவரி முதல் அது 5 லட்சம். ஒவ்வொரு காவலும் ஒரு விழுதலுக்குப் பிறகுதான் வந்திருக்கிறது, அதனால் காவல் எதுவரை நீள்கிறது என்று தெரிந்துகொண்டு பணம் போடுங்கள். இந்த 5 லட்சக் காப்பீடு வணிக வங்கிக்கும் கூட்டுறவு வங்கிக்கும் உண்டு. நிதி நிறுவனத்துக்கு இல்லை, ஏலச்சீட்டுக்கு இல்லை, ஊரிலுள்ள தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் போடும் டெபாசிட்டுக்கும் இல்லை.

மனதில் வைத்துக்கொள்ள ஒரு கணக்கு. பொதுமக்களிடம் டெபாசிட் வாங்க ரிசர்வ் வங்கி அனுமதித்த நிதி நிறுவனம் வருஷத்துக்கு 12.5 சதவீதத்துக்கு மேல் வட்டி தரக் கூடாது. அதாவது நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் நாலு பைசா. ஆச்சிக்குச் சொன்னது இரண்டு ரூபாய், வருஷத்துக்கு 24 சதவீதம். அந்த எண்ணைக் கேட்டவுடனேயே எழுந்து வந்திருக்கலாம். அனுமதி பெற்ற நிறுவனங்களின் பட்டியல் ரிசர்வ் வங்கி இணையதளத்தில் இருக்கிறது, சச்சேத் என்ற தளத்தில் புகாரும் கொடுக்கலாம்.

ஏலச்சீட்டானால் 1982-ம் ஆண்டின் சீட்டு நிதிச் சட்டம். ஒவ்வொரு சீட்டுக் குழுவும் ஆரம்பிக்கும் முன்பே பதிவுத் துறையின் சீட்டுப் பதிவாளரிடம் அனுமதி வாங்கிப் பதிவாக வேண்டும். கம்பெனி பதிவானது என்று போர்டு மாட்டியிருப்பது போதாது, உங்கள் குழுவின் பதிவு எண்ணைக் கேளுங்கள், ஒப்பந்த நகலைக் கேளுங்கள். சீட்டு நடத்துபவரின் கமிஷன் 7 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. 2019 திருத்தத்துக்கு முன் அது 5.

பணம் போய்விட்டால் போக வேண்டிய இடம் பொருளாதாரக் குற்றப்பிரிவு. டான்பிட் என்று சொல்கிறார்களே, 1997-ல் தமிழ்நாடு கொண்டுவந்த முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டம், அதன்படி நிறுவனத்தின் சொத்தை முடக்கி, ஏலம் விட்டு, போட்டவர்களுக்குப் பங்கிட்டுத் தரும் வழி உண்டு; மதுரையில் அதற்கான சிறப்பு நீதிமன்றம் இருக்கிறது. வருஷக் கணக்கில் இழுக்கும், உண்மை. ஆனால் முதலீட்டாளர் பட்டியலில் பெயர் ஏறியவருக்குத்தான் பங்கு வரும். பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்த புகார் உங்களுக்கும் சேர்த்து என்று இருந்துவிடாதீர்கள்.

ஆச்சியின் வங்கிப் பாஸ்புக்கைத் தேடி எடுத்தோம். நாலு லட்சத்தில் மூன்று லட்சம் செக்காகப் போயிருந்தது, நிறுவனத்தின் பெயரோடு வரி இருந்தது. வட்டி வந்த பத்து மாதமும் கணக்கில் இருந்தது. அந்தப் பக்கங்களை வங்கியில் முத்திரையோடு வாங்கி, இணைத்து, புகார் கொடுத்தாயிற்று. ரொக்கமாகக் கொடுத்த ஒரு லட்சத்தை மனுவில் எழுதியிருக்கிறோம், காட்ட எதுவும் இல்லை.

ஐந்தாம் படி: முதல் கடிதம் எதிராளிக்கு

நேராக மேலே போகாதீர்கள். கடையோ வங்கியோ காப்பீட்டு நிறுவனமோ, முதலில் அவர்களுக்கே எழுத்தில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். வங்கி விஷயத்தில் இது கட்டாயமும்கூட: வங்கிக்கு எழுதி 30 நாளில் பதில் வராவிட்டாலோ பதில் திருப்தி இல்லாவிட்டாலோதான் ரிசர்வ் வங்கிக் குறைதீர்ப்பாளர் எடுப்பார். அவரிடம் கட்டணம் கிடையாது, வக்கீல் தேவையில்லை, 14448-ல் விவரம் கேட்கலாம். காப்பீட்டுக்கும் இதேபோல் ஒரு மாதம் காத்திருக்க வேண்டும். கணக்கிலிருந்து தெரியாமல் பணம் போயிருந்தால் மட்டும் ஒரு நிமிஷம்கூடக் காத்திருக்க வேண்டாம், இணையப் பண மோசடிக்கான உதவி எண் 1930-க்கு அடியுங்கள், வங்கிக்கும் சொல்லுங்கள். உங்கள் தவறும் வங்கியின் தவறும் இல்லாமல் வெளியாள் புகுந்து எடுத்திருந்து, மூன்று வேலை நாளுக்குள் தெரிவித்திருந்தால் நஷ்டம் உங்கள் தலையில் விழாது என்பது 2017-ல் ரிசர்வ் வங்கி போட்ட விதி.

1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலும் பேசலாம். அவர்களால் உத்தரவு போட முடியாது, நிறுவனத்தோடு பேசி முடிக்கப் பார்ப்பார்கள். பெரிய கம்பெனி, ஆன்லைன் விற்பனை என்றால் அதிலேயே முடிந்துவிடுவது உண்டு.

கடிதம் ஒரு பக்கம். அனுப்புநர், பெறுநர், பொருள், அப்புறம் நடந்தது, தேதி வரிசையில். 'இந்தத் தேதியில், இந்த பில் எண்படி, இவ்வளவு கொடுத்து இதை வாங்கினேன். இந்தத் தேதியில் இந்தக் குறை தெரிந்தது. இந்தத் தேதியில் நேரில் சொன்னேன். இத்தனை நாளுக்குள் பணத்தைத் திருப்பித் தர வேண்டுகிறேன்.' இவ்வளவுதான். கோபமான வார்த்தை, சாபம், 'உங்களைச் சும்மா விட மாட்டேன்' எல்லாம் நாளைக்கு உங்களுக்கு எதிராகவே படிக்கப்படும். ஸ்பீடு போஸ்டில் ஒப்புகையோடு அனுப்புங்கள், நகலையும் தபால் ரசீதையும் நோட்டில் ஒட்டிவிடுங்கள்.

ஆறாம் படி: நுகர்வோர் ஆணையம்

சிவகங்கையில் மாவட்ட ஆணையம் இருக்கிறது. 2019-ம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பிறகு நமக்குக் கிடைத்த பெரிய வசதி, நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம் என்பது. பொருளைச் சென்னையிலோ பெங்களூரிலோ வாங்கியிருந்தாலும் பரவாயில்லை. நீங்கள் கொடுத்த தொகை 50 லட்சம் வரை மாவட்ட ஆணையம், 5 லட்சம் வரை கட்டணமே இல்லை. வக்கீல் வைக்காமல் நீங்களே வாதாடலாம். இ-ஜாக்ரிதி என்ற தளத்தில் இருந்த இடத்திலிருந்தே தாக்கல் செய்யலாம்.

தவறு நடந்து இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும், இதை மறக்காதீர்கள். எதிராளி பதில் தர 30 நாள், மேலே 15 நாள், அதற்கு மேல் கிடையாது என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வே 2020-ல் சொல்லிவிட்டது. மூன்று மாதத்தில், சோதனை தேவைப்பட்டால் ஐந்து மாதத்தில் முடிக்க வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது. நடப்பில் கூடவே ஆகும், அதற்குத் தயாராகப் போங்கள். தீர்ப்பு பிடிக்கவில்லை என்றால் 45 நாளுக்குள் மாநில ஆணையத்துக்கு மேல்முறையீடு. தொழிலுக்காக, மறுவிற்பனைக்காக வாங்கியது இதில் வராது, சொந்தப் பிழைப்புக்காகச் சின்னதாகச் செய்யும் தொழில் மட்டும் விதிவிலக்கு.

ஏழாம் படி: ஊர்ச் சொத்து

உங்கள் பணம் போனால் தேடுவீர்கள். ஊர்ச் சொத்துக்கு யார் தேடுவது? நம் ஊர்களில் ஊரணியைப் பாருங்கள். படித்துறை கட்டி, வரத்துக்கால் வெட்டி, மழைத்தண்ணீர் ஒரு சொட்டு வீணாகாமல் வந்து நிறையும்படி செய்து வைத்துவிட்டுப் போனார்கள். ஊரணியை யாரும் ஒரே நாளில் மூடுவதில்லை, வரத்துக்காலில் ஒரு சுவர் வந்தால் போதும், ஊரணி தானாகக் காய்ந்து, காய்ந்த ஊரணியில் குப்பை விழுந்து, குப்பை மேட்டுக்கு ஒரு நாள் பட்டா கேட்பார்கள்.

முதல் வேலை வருவாய்த் துறையின் இ-சேவைத் தளத்தில் 'அ' பதிவேட்டில் அந்தச் சர்வே எண்ணைப் பார்ப்பது. ஊரணி, வாய்க்கால், புறம்போக்கு என்று வகை அதில் எழுதியிருக்கும். அடுத்தது புல வரைபடம். இந்த இரண்டும் கையில் இருந்தால் தாசில்தாரிடம் நீங்கள் பேசும் பேச்சே வேறு.

மற்றதற்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். மத்தியச் சட்டம் வந்தது 2005-ல், தமிழ்நாடு 1997-லேயே தனக்கென ஒன்று போட்டிருந்தது. பொதுத் தகவல் அலுவலருக்கு ஒரு தாள், பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை. ஏன் கேட்கிறீர்கள் என்று அவர்கள் கேட்கக் கூடாது. 30 நாளில் பதில், உயிர் அல்லது சுதந்திரம் சம்பந்தப்பட்டதானால் 48 மணி நேரம். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு, அதிலும் சரியாகாவிட்டால் 90 நாளுக்குள் சென்னையிலுள்ள மாநிலத் தகவல் ஆணையத்துக்கு. காரணமில்லாமல் தாமதித்த அலுவலருக்கு நாளுக்கு 250 வீதம் 25,000 வரை அபராதம் விதிக்க முடியும்.

கேள்வி கேட்கும் விதம்தான் இதில் எல்லாம். 'ஏன் ஊரணியைத் தூர் வாரவில்லை?' என்று கேட்டால் பதில் வராது, ஏனென்றால் அது தாள் இல்லை, கருத்து. இப்படிக் கேளுங்கள்: 'இந்தச் சர்வே எண்ணிலுள்ள ஊரணியைத் தூர் வாரியதற்கான மதிப்பீடு, வேலை உத்தரவு, எம் புக் என்கிற அளவைப் புத்தகப் பக்கங்கள், பணம் கொடுத்த பட்டியல் ஆகியவற்றின் நகல் தரவும்.' எம் புக்கில் எத்தனை கன மீட்டர் மண் எடுத்ததாக எழுதியிருக்கிறதோ, அதை ஊரணிக் கரையில் நின்று பார்த்தாலே ஊர்ப் பெரியவர்களுக்குத் தெரிந்துவிடும். நகல் மட்டுமில்லை, வேலை நடந்த இடத்தை நேரில் ஆய்வு செய்யவும், போட்ட சிமெண்டு, ஜல்லியில் சான்றளித்த மாதிரி எடுக்கவும் சட்டத்தில் இடமுண்டு. தனி ஆட்களின் சொந்த விவரங்களைக் கேட்காதீர்கள், தனிநபர் தரவுச் சட்டத்துக்குப் பிறகு அதை மறுப்பது அவர்களுக்கு எளிதாகிவிட்டது, மற்ற கேள்விகளும் அதோடு அடிபட்டுப் போகும்.

கண்காணிக்கும் அமைப்புகளையே கண்காணிக்கவும் இதே சட்டம் உதவும். காரைக்குடி தாலுகாவில் இந்த வருஷம் எத்தனை கடைத் தராசைச் சோதித்தீர்கள், எத்தனை உணவு மாதிரி எடுத்தீர்கள், எத்தனை தரமில்லை என்று வந்தது, எத்தனை வழக்குப் போட்டீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். தனியார் கடையிடம் நேராகத் தகவல் கேட்க முடியாது, ஆனால் அந்தக் கடையைப் பற்றித் துறை வைத்திருக்கும் கோப்பைக் கேட்கலாம்.

அப்புறம் கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆறு நாள். தலைவர் இருந்தாலும் தனி அலுவலர் இருந்தாலும் வரவு செலவைப் படித்துத்தான் ஆக வேண்டும். தீர்மானத்தை அன்றைக்கே, நீங்கள் இருக்கும்போதே நோட்டில் எழுதச் சொல்லுங்கள், எழுதிய பிறகு கையெழுத்துப் போடுங்கள். வெறும் தாளில் போடாதீர்கள். நான் பார்த்த ஒரு சபையில் வரத்துக்கால் ஆக்கிரமிப்பைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினார்கள், கைதட்டினார்கள், வீட்டுக்குப் போனார்கள். நோட்டில் தெருவிளக்கு மட்டும்தான் இருந்தது. அதன் பிறகு அந்த ஊர்ப் பெண்கள் ஏழு பேர் புல வரைபட நகலோடு அடுத்த சபைக்கு வந்து, தீர்மானம் எழுதி முடிக்கும்வரை எழுந்திருக்கவில்லை.

ஆலைக் கழிவு, புகை, சாம்பல் என்றால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகம். படத்தில் தேதியும் இடமும் பதிவாகும்படி எடுங்கள், தண்ணீரை நீங்களே பாட்டிலில் பிடித்துக் கொடுப்பது சட்டப்படி மாதிரியாகாது, அவர்கள் வந்து எடுக்கும்படி எழுதிக் கேளுங்கள்.

லஞ்சம் கேட்டால்

லஞ்ச ஒழிப்புத் துறை 1964-ல் வந்தது, இலவச எண் 1064. கேட்டவுடன், கொடுக்கும் முன் போங்கள். அவர்கள் பினாப்தலீன் தடவிய நோட்டைக் கொடுத்து அனுப்புவார்கள், வாங்கியவர் கையைச் சோடியம் கார்பனேட் கரைசலில் முக்கினால் ரோஸ் நிறமாகும். ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்களா? 2018 திருத்தத்துக்குப் பிறகு கொடுத்தவரும் குற்றவாளி, ஆனால் வேறு வழியில்லாமல் கட்டாயப்படுத்தப்பட்டுக் கொடுத்து, ஏழு நாளுக்குள் சொல்லிவிட்டால் தப்பு இல்லை. ஏழு நாள். பயத்தில் ஒரு மாதம் யோசிப்பவர்களுக்காக இதை இரண்டு தடவை எழுதுகிறேன்.

எச்சரிக்கையாக இருக்க வேண்டியவை

வாட்ஸ்அப் குழுவில் பெயர் போட்டு எழுதாதீர்கள். புகார் துறைக்கு, ஆதாரத்தோடு. குழுவில் போட்டால் அவதூறு வழக்கு உங்கள் மேல் வரும், உண்மையான புகாரும் பலமிழக்கும். பெரிய இடத்து விஷயமானால் தனியாளாகப் போகாமல் ஐந்தாறு பேர் கையெழுத்தோடு போங்கள். இன்னொன்று, தகவல் சட்டத்தில் தாளை வாங்கிக்கொண்டு கடைக்காரரிடமும் அலுவலரிடமும் போய்ப் பணம் பறிக்கிறவர்கள் இருக்கிறார்கள், சமூக ஆர்வலர் என்று அட்டையும் வைத்திருப்பார்கள். உங்களுக்கு எழுதித் தருகிறேன் என்று அப்படி ஒருவர் வந்தால் அசல் தாளைக் கொடுக்காதீர்கள். இவர்களால் உண்மையாகக் கேட்பவர்கள் எல்லோரையும் அலுவலகங்கள் சந்தேகமாகப் பார்க்கின்றன, அதுதான் எனக்கு மிகவும் வருத்தமான விஷயம்.

மனு அனுப்பும் முன் உங்கள் ஊர் எந்த மாவட்டம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். செட்டிநாடு என்று நாம் சேர்த்துச் சொன்னாலும் கானாடுகாத்தானும் தேவகோட்டையும் சிவகங்கை, கோனாபட்டும் ராயவரமும் புதுக்கோட்டை. தகவல் சட்ட மனு தவறான துறைக்குப் போனால் ஐந்து நாளில் அவர்களே மாற்றி அனுப்ப வேண்டும் என்று இருக்கிறது, மற்ற மனுக்களுக்கு அப்படிக் காலக்கெடு கிடையாது, சும்மா கிடக்கும். எழுதத் தெரியாதவர் பக்கத்தில் இருந்தால் அவர் சொல்லச் சொல்ல நீங்கள் எழுதுங்கள், அவர் வார்த்தையிலேயே, அப்புறம் ஒருமுறை படித்துக் காட்டிக் கையெழுத்தோ ரேகையோ வாங்குங்கள். ஆச்சியின் மனுவை அப்படித்தான் எழுதினோம். புகார் எண் வந்ததும் அவரே கேட்டு வாங்கி, நோட்டில் தேதியோடு எழுதிக்கொண்டார்.